ஓவராயில்: தாத்தா சைக்கிளும் ஒரு காட்டர் பின்னும்

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நடந்த கதை இது. கதைக்கு நடுவுல கொஞ்சம் வரலாறும் வரும், கொஞ்சம் துருவும் வரும். பொறுத்துக்கோங்க :-)

எங்க ஊர் சாத்தான்குளம். ஒரு காலத்துல திருநெல்வேலி ஜில்லா, 1986-ல மாவட்டத்தைப் பிரிச்சதுல இருந்து தூத்துக்குடி. ஆனா ஊர்ல யாரையும் கேட்டுப் பாருங்க, "திருநவேலிப் பக்கம்"னுதான் சொல்லுவாங்க. வீட்டுக்குப் பின்னாடி பழைய தொழுவம் ஒண்ணு இருக்கு. மாடு போய் பல வருஷம் ஆச்சு. அதைப் பிரிச்சுட்டு கார் நிறுத்த ஷெட் போடணும்னு அப்பா முடிவு பண்ணிட்டார். உள்ள இருந்த உடைஞ்ச கட்டில், பித்தளை அண்டா, ஓட்டை வாளியோட சேர்த்து தாத்தாவோட சைக்கிளும் இரும்புக் கடைக்குப் போறதுக்கு ரெடியா வாசல்ல நின்னுட்டிருந்தது.

"என்னப்பா, சைக்கிளுமா?"

"பெடலும் சுத்தாது, சீட்டும் அசையாது, ஹேண்டில்பாரும் திரும்பாது. அதை வச்சு என்னலே செய்யப் போறே?"

நியாயமான கேள்விதான். ஆனா அந்த சைக்கிள் எங்க குடும்பத்துல ஒரு தனி ஆள் மாதிரி. "லண்டன் சைக்கிள்"னுதான் தாத்தா சொல்லுவார். கருப்பட்டி மண்டியில கணக்கு எழுதின மனுஷன். உடன்குடி, குலசேகரன்பட்டினம், திசையன்விளை, நாசரேத்னு அவர் சுத்தாத ஊர் இல்ல. தேரி மணல்ல மிதிக்க முடியாத இடத்துல இறங்கித் தள்ளிக்கிட்டே போவாராம். அப்பா குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டது அதுலதான். பாருக்கு அடியில காலை விட்டு, உடம்பைக் கோணிக்கிட்டு ஓட்டற அந்த வித்தையை இந்தத் தலைமுறைக்கு விளக்கிச் சொல்றதே கஷ்டம்.

நான் ஒரு வாரம் டைம் கேட்டேன். லீவு மூணு நாள், மீதி நாலு நாள் வீட்டுல இருந்தே ஆணி புடுங்கறதுன்னு மேனேஜர்கிட்ட பேசி வச்சேன். அப்பா ஒரே கண்டிஷன்தான் போட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடணும். இல்லைன்னா இரும்புக்காரன் வருவான்."

சரின்னுட்டேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனாச்சே, ஒரு சைக்கிளைக் கழட்ட முடியாதா என்ன?

முதல் நாளே பல்பு வாங்கினேன். ஆன்லைன்ல வாங்கின டபிள்யூ.டி-40 டப்பாவை எடுத்து சைக்கிளுக்கு அபிஷேகமே பண்ணிட்டு, ஸ்பானரை மாட்டி இடது பக்கப் பெடலைக் கழட்ட ஆரம்பிச்சேன். அரை மணி நேரம். கை கொப்புளிச்சதுதான் மிச்சம். பெடல் ஒரு மயிரிழை கூட அசையல. ஆச்சி திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, "ஏ ராசா, உங்க தாத்தா அதை இந்தப் பக்கமால்ல திருகுவாரு"ன்னு கையை எதிர்ப்பக்கமா சுத்திக் காட்டினாங்க.

அவ்வளவு நேரமும் நான் கழட்டல, இறுக்கிட்டு இருந்திருக்கேன் மக்களே!

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். இதுக்குப் பின்னாடி ஒரு அழகான இயற்பியல் இருக்கு. ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளையமா வச்சு, அதுக்குள்ள ஒரு பென்சிலைத் தொளதொளன்னு விடுங்க. பென்சில் வளையத்தோட உள் ஓரத்தைத் தொட்டுக்கிட்டே வலஞ்சுழியா சுத்தி வரட்டும். அப்ப பென்சில் தன்னைத்தானே இடஞ்சுழியா உருளும். பெடல் அச்சும் கிராங்க் ஓட்டைக்குள்ள இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாம உருளுது. மிதிக்க மிதிக்க மரை கழண்டு போகாம இறுகணும்னா இடது பக்கத்துக்கு இடது மரைதான் போடணும். அதனாலதான் வலது பெடலுக்கு சாதாரண மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. கிராங்க் அச்சு சுத்துற பி.பி. கப்புக்கும் இதே கதைதான். இங்கிலீஷ் முறையில வலது பக்கக் கப்புக்கு எதிர் மரை. இத்தாலிக்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் ரெண்டு பக்கமும் ஒரே மரையைப் போட்டாங்க. வலது கப்பு தானா கழண்டு வர்ற தொந்தரவை பல காலம் அனுபவிச்சாங்க.

சரியான பக்கம் திருப்பினதும் பெடல் "கிரீச்"னு ஒரு சத்தம் போட்டு வந்துடுச்சு. அன்னைக்கு ஜெயிச்சது ஆச்சிதான்.

ரெண்டாவது நாள் காட்டர் பின். உண்மையான வில்லன் இதுதான்.

பழைய சைக்கிள்ல கிராங்கையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கறது ஒரு சின்ன இரும்பு ஆப்பு. ஒரு பக்கம் சரிவாச் சீவியிருக்கும், வால்ல மரை இருக்கும், அதுல ஒரு நட். நட்டை முறுக்கினாத்தான் பின் இறுகும்னு நிறைய பேர் நினைக்கறாங்க (நானும் அப்படித்தான் நினைச்சேன்). இல்ல. சுத்தியலால அடிச்சுத்தான் ஆப்பை இறக்கணும். நட் சும்மா காவலுக்கு. கழட்டறப்பவும் வால் பக்கம் அடிச்சு வெளிய தள்ளணும்.

நான் என்ன பண்ணினேன்? நட்டை முழுசாக் கழட்டி எறிஞ்சுட்டு, ஆணி அடிக்கற சின்னச் சுத்தியலால டொக்கு டொக்குன்னு ஒரு ஐம்பது அடி. பின் நகரல. அதோட வால் காளான் மாதிரி விரிஞ்சு, ஒரு பக்கமா வளைஞ்சு போச்சு. இனிமே முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. கிராங்க் அதுல சிறைப்பட்டுப் போச்சு. அப்பா வாசல்ல நின்னு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டார். அவர் திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல.

வேற வழியில்லாம சைக்கிளை உருட்டிக்கிட்டு பஜார் பக்கம் இருக்கற சைக்கிள் கடைக்குப் போனேன். கடைன்னா ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கூரை, பஞ்சர் பார்க்கற தண்ணித் தொட்டி. எழுபது வயசுக்கு மேல இருக்கற ஒரு அண்ணாச்சி. பின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு தம்பி இப்படி அடிச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி."

"எந்த ஊர்ல வேலை?"

"பெங்களூரு. சாஃப்ட்வேர்."

"அதான்"னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல :-(

அப்புறம் அவர் செஞ்சதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். விரிஞ்சு போன வாலை ஆக்ஸா பிளேடால அறுத்து எறிஞ்சார். மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து பின் மேல ஊத்திட்டு, "டீ குடிச்சுட்டு வா"ன்னு என்னை அனுப்பிட்டார். ஒரு மணி நேரம் கழிச்சு கிராங்க்கை மட்டும் ஸ்டவ் விளக்கால சூடு பண்ணினார். துளை விரிஞ்சு கொடுக்கும், அதுக்கு. ஒரு இரும்புக் குழாயைத் தரையில நட்டு, அதோட மேல் வாயில கிராங்க்கைத் தாங்க வச்சார். பின்னோட தலை குழாய்க்குள்ள இறங்கற மாதிரி. இந்தக் குழாய்தான் சூட்சுமம். முட்டுக் கொடுக்காம அடிச்சா அந்த அடி முழுக்க பால்ரஸ் குண்டுக்கும் கப்புக்கும் போய் அதுல பள்ளம் விழுந்துடும். முட்டுக் கொடுத்தா அடி பின்னுக்கு மட்டும் போகும்.

பெரிய சுத்தியல். ஒரு பஞ்ச். ஒரே அடி. பின் குழாய்க்குள்ள "டங்"னு விழுந்துச்சு.

"சின்ன அடி ஐம்பது அடிச்சா இரும்பு நசுங்கும் தம்பி. பெரிய அடி ஒண்ணு அடிச்சா நகரும். ஆனா அடிக்கறதுக்கு முன்னால பைய இருக்கணும்."

பையன்னா எங்க ஊர்ல மெதுவா, அவசரப்படாமன்னு அர்த்தம். அந்த ஒரு மணி நேர ஊறலும் டீயும்தான் நான் விட்ட பாகம்.

இங்க கொஞ்சம் நிறுத்தி, இந்தத் துரு ஏன் இப்படிப் பிடிக்குதுன்னு பார்ப்போம். இரும்பு துருப்பிடிச்சா கரைஞ்சு குறைஞ்சு போகும்னுதான் நாம நினைக்கறோம். உண்மையில துரு இடத்தை அதிகமா அடைக்கும். அது உண்டாக்கின இரும்பை விட துருவோட கன அளவு பல மடங்கு. ரெண்டு இரும்புக்கு நடுவுல தலைமுடி அளவு இடைவெளி இருந்தாப் போதும், துரு அதுக்குள்ள வீங்கி ரெண்டையும் கவ்விக்கும். எங்க ஊருக்குக் கடல் ரொம்ப தூரமில்ல. மணப்பாட்டுப் பக்கம் இருந்து வர்ற உப்புக் காத்துல பதினஞ்சு வருஷம் அசையாம நின்ன சைக்கிள்னா கேட்கணுமா?

மூணாவது நாள் அண்ணாச்சி பி.பி. கப்பைக் கழட்டினார். கப்பு ரெண்டும் குழி விழுந்து போயிருந்துச்சு. "புதுசு போடணும்"னார். எனக்குப் பக்குன்னுது. அறுபது எழுபது வருஷத்துப் பழைய சைக்கிளுக்கு எங்க போய் கப்பு தேடறது? இ-பேயிலா?

அவர் பின்னாடி திரும்பி ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். புதுக் கப்பு ரெண்டு, காட்டர் பின் ரெண்டு, பக்கத்துக்குப் பதினொண்ணுன்னு கால் இஞ்ச் குண்டு. எல்லாம் லூதியானா சரக்கு. கப்பைக் கையால திருகினார். வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி உள்ள போச்சு.

எனக்கு இதுதான் ஆச்சரியம். நான் 2019-ல வாங்கின லேப்டாப்புக்கு இப்ப பேட்டரி கிடைக்கல. தாத்தா சைக்கிளுக்கு சாத்தான்குளம் வேப்பமரத்தடியில பாகம் கிடைக்குது. எப்படி?

அதுக்குப் பதில் தேடினா கதை இங்கிலாந்துக்குப் போகுது. 19-ம் நூற்றாண்டுக் கடைசியில அங்க ஊருக்கு ஊர் சைக்கிள் கம்பெனி, கம்பெனிக்குக் கம்பெனி வேற வேற மரை. பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்சவங்க 1861-ல சேர்ந்து ஆரம்பிச்சதுதான் பி.எஸ்.ஏ. அவங்க தாங்க சைக்கிள் செஞ்சதோட நிக்காம, மத்த கம்பெனிகளுக்கும் பாகங்கள் செஞ்சு வித்தாங்க. அந்த அளவுகள் பரவுச்சு. 1902-ல சைக்கிள் இன்ஜினியர்ஸ் இன்ஸ்டிடியூட்னு ஒரு அமைப்பு மரை அளவுகளை வரையறுத்துக் கொடுத்துச்சு. பி.பி. கப்புக்கு ஒரு இஞ்ச்சுக்கு 24 மரை. அதே 24 மரைதான் தாத்தா சைக்கிள்ல இருக்கு. இன்னைக்கு லட்ச ரூபா கார்பன் சைக்கிள்கள் பலதுலயும் அதே மரைதான், அதை இப்பவும் பி.எஸ்.ஏ. மரைன்னுதான் சொல்றாங்க.

எல்லாரும் இந்த ஒழுங்குக்கு வந்துடல. நாட்டிங்ஹாம் ராலே கம்பெனி தன்னோட சைக்கிள்களுக்கு 26 மரையை வச்சுக்கிட்டது. அந்தப் பழைய ராலேக்களுக்கு இந்தக் கப்பு ஏறாது. நல்ல வேளையா தாத்தாவோடது ராலே இல்ல.

அப்ப என்ன சைக்கிள் அது? அங்கதான் அடுத்த அதிர்ச்சி.

தாத்தா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சைக்கிளுக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பார். முகப்புல இருக்கற பித்தளைத் தகட்டையும் விட்டு வைக்கல. நாலாவது நாள் ராத்திரி உட்கார்ந்து அந்தத் தகட்டுல இருந்த பெயின்ட்டை அடுக்கடுக்கா உரிச்சேன். மேல "ஹெர்குலிஸ்". சந்தோஷம், அதுவும் இங்கிலீஷ் கம்பெனிதானே! கீழ் வரி பாதி அரிச்சுப் போயிருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை தெளிவா இருந்துச்சு.

"மெட்ராஸ்".

லண்டன் சைக்கிள் அம்பத்தூர்ல பிறந்ததாம்!

ஹெர்குலிஸ், 1910-ல எட்மண்ட் கிரேனும் அவர் சகோதரரும் பர்மிங்காம்ல ஆரம்பிச்ச கம்பெனி. மலிவு விலையில லட்சக்கணக்குல செஞ்சு உலகம் பூரா ஏத்துமதி பண்ணினாங்க. 1946-ல டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்ங்கற இங்கிலீஷ் கம்பெனி அதை வாங்குச்சு. சுதந்திரம் வந்ததும் இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட, அவங்க இங்கயே ஒரு கூட்டாளியைத் தேடினாங்க. கிடைச்சவங்க முருகப்பா குடும்பம். செட்டிநாட்டுல இருந்து பர்மாவுக்குப் போய் 1900-ல மௌல்மீன்ல வட்டிக்கடை ஆரம்பிச்சு, யுத்தத்துக்கு முன்னாடி முதலைத் திருப்பிக் கொண்டு வந்தவங்க. 1949-ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பமாச்சு. 1951-ல முதல் ஹெர்குலிஸ் வெளிய வந்துச்சு.

அப்புறம் ஒவ்வொரு பாகமா இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. பைப்புக்கு 1955-ல ஆவடியில டியூப் புராடக்ட்ஸ். செயினுக்கு 1960-ல அமெரிக்க டைமண்ட் செயின் கம்பெனியோட கூட்டு. அதே காலத்துல வடக்கே முஞ்சால் சகோதரர்கள் லூதியானாவுல உதிரி பாகம் வித்து, 1956-ல ஹீரோ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. 1986-ல உலகத்துலயே அதிகம் சைக்கிள் செய்யற கம்பெனின்னு அது கின்னஸ்ல ஏறுச்சு. அசன்சோல்ல சென்-ராலே, சோனிபட்ல அட்லஸ். எல்லாரும் செஞ்சது கிட்டத்தட்ட ஒரே சைக்கிள். 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், காட்டர் பின். 1930கள்ல இங்கிலாந்து செஞ்ச அதே உரு.

இங்கிலாந்துல அந்த உரு மறைஞ்சு போச்சு. ராலே நாட்டிங்ஹாம்ல சைக்கிள் செய்யறதை 2002-ல நிறுத்திட்டாங்க. ஆலை இருந்த இடத்துல ஒரு பகுதி இப்ப பல்கலைக்கழக வளாகம். ஆனா நம்ம ஊர்ல மாறல. ஏன் மாறலன்னா, லைசென்ஸ் ராஜ்யம், போட்டி இல்ல, வெளியில இருந்து எதுவும் வராதுன்னு பொருளாதாரம் படிச்சவங்க சொல்லுவாங்க. தேங்கிப் போச்சு, துருப்பிடிச்சுப் போச்சுன்னு கிண்டலும் பண்ணுவாங்க. அது உண்மைதான். ஆனா அந்தத் தேக்கத்தோட இன்னொரு பக்கம்தான் அண்ணாச்சியோட அட்டைப் பெட்டி. அளவு மாறலைங்கறதாலதான் தாத்தாவோட ஹெர்குலிஸுக்கு இன்னைக்கு செஞ்ச பாகம் பொருந்துது. கப்பு, குண்டு, பின், எல்லாம் தேயறதுக்குன்னே இருக்கற பாகங்கள். அதுல காட்டர் பின்னை வேணும்னே மெதுவான இரும்புல செய்யறாங்க. கிராங்க்கும் அச்சும் பிழைக்கணும்னா பின்தான் நசுங்கணும். அது மலிவா, எல்லா ஊர்லயும் கிடைக்கணும். அதைக் கழட்ட ஒரு சுத்தியலும் ஒரு குழாயும் போதும். இந்த சைக்கிள் ஏன் நம்ம தேரிக்காட்டுல நிலைச்சதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

இதுக்குள்ள ஒரு உள்ளூர்க் கதையும் இருக்கு. எங்க பக்கத்துல ஒரு காலத்துல குட்டி ரயில் ஓடுச்சுன்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. பாரி கம்பெனி நடத்தின குலசேகரன்பட்டினம் சர்க்கரை ஆலைக்காகப் போட்ட லைட் ரயில்வே. திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளைன்னு பனங்காட்டுக்குள்ள போச்சு. 1940-ல அதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் இந்தக் கிராமங்களுக்கு மாட்டு வண்டி, நடை, இல்லைன்னா சைக்கிள். ரயில் ஏறணும்னா நாசரேத்துக்குப் போகணும். வேடிக்கை என்னன்னா, அந்த பாரி கம்பெனியை 1981-ல வாங்கினவங்க ஹெர்குலிஸ் செஞ்ச அதே முருகப்பா குழுமம்!

காலையில ஆச்சிகிட்ட தகட்டைக் காட்டினேன். "தாத்தா பொய் சொல்லிட்டாங்க ஆச்சி. இது மெட்ராஸ் சைக்கிள்."

ஆச்சி சிரிச்சாங்க. "அவுகளுக்குத் தெரியும்ல. லண்டன்னு சொன்னாத்தான் மண்டியில யாரும் இரவல் கேக்க மாட்டாவன்னு சொல்லி வச்சாக."

நீங்க ஓட்டியிருக்கீங்களான்னு கேட்டேன். "பொம்பளையாளு எங்க ஓட்ட? அந்தக் கம்பியத் தாண்டிச் சேலையோட ஏற முடியுமா? பின்னால உக்காந்துட்டுப் போவேன், அவ்வளவுதான்."

மேல நான் எழுதின பெருமைக்கு நடுவுல இதையும் சொல்லியாகணும். மாறாத உரு யாருக்காக மாறாம இருந்துச்சு? 20 கிலோவுக்கு மேல கனம், குறுக்கே பார், உயரமான சீட். ஆம்பளைக்கு அளவெடுத்த சைக்கிள் அது. லேடீஸ் சைக்கிள் இருந்துச்சு, ஆனா கிராமத்துக்கு அது வந்து சேர ரொம்ப நாளாச்சு. 1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுதப் படிக்கறதோட சைக்கிளையும் பெண்களுக்குக் கத்துக்கொடுக்க ஏற்பாடு பண்ணினார். குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி, நர்ஸுன்னு ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப பாரைப் பத்திக் கவலைப்படாம ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்கன்னு பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு பண்ணியிருக்கார். குழந்தையை முன்னாடி பார்ல உட்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டாம். 2000களின் நடுவுல தமிழ்நாட்டுல மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சப்ப பொண்ணுங்க வரிசையா ஸ்கூலுக்கு மிதிச்சுப் போறது சாதாரணக் காட்சி ஆயிடுச்சு. எங்க ஆச்சிக்குத்தான் அந்த பஸ் தவறிப் போச்சு.

இனி கடைசி ஒட்டல். சீட்டைத் தாங்கற பைப்.

அஞ்சாவது நாள் முழுக்க அது அசையல. அண்ணாச்சி புது யோசனை சொன்னார். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பி.பி. கப்பு இல்லாத துளை வழியா எண்ணெயை ஊத்தணும். அது பைப்புக்குள்ள இறங்கி துருவோட அடிப்பக்கத்துல போய் நிக்கும். மேல இருந்து எவ்வளவு ஊத்தினாலும் உள்ள போகாத எண்ணெய், கீழ இருந்து போயிடும். ஒரு ராத்திரி அப்படியே விட்டோம்.

ஆறாவது நாள் லேத் பட்டறையில சீட் பைப்பை வைஸ்ல கடிக்க வச்சோம். நான் பைப்பைத் திருப்பப் போனேன்.

"பைப்பைத் திருப்பாத தம்பி. வண்டியத் திருப்பு."

ஃபிரேம் மொத்தமும் ஒரு நீளமான நெம்புகோல். பெரிய ஸ்பானர் எதுக்கு, சைக்கிளே ஸ்பானர்தான். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் நானும் பின் சக்கரப் பக்கம் பட்டறைப் பையனும் பிடிச்சு, முன்னும் பின்னுமா ஒரு விரற்கடை, ஒரு விரற்கடைன்னு ஆட்டினோம். ரொம்ப நேரம் எதுவும் நடக்கல. அப்புறம் ஒரு முனகல். சிவப்பா ஒரு பொடி உதிர்ந்துச்சு. தேரி மணல் மாதிரியே இருந்துச்சு அது.

பைப் வெளிய வந்ததும் பார்த்தேன். பாதி பைப் வெயில் பட்டு மங்கியிருந்துச்சு, உள்ள இருந்த பாதி செக்கச் செவேல்னு துரு. ரெண்டுக்கும் நடுவுல கத்தியால கீறின மாதிரி ஒரு கோடு. தாத்தா கடைசியா வச்ச உயரம் அது. முட்டி வலி வந்து சைக்கிளை விடற வரைக்கும் அவர் அதை மாத்தவே இல்ல. இதைக் கழட்டியிருக்கவே வேண்டாமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் தாத்தா உயரம் பத்திரமா இருந்துச்சு இல்லையா?

துருவை உப்புத்தாளால தேய்ச்சு எடுத்துட்டு, தாராளமா கிரீஸ் தடவி, அந்தக் கோட்டுக்கே மறுபடி இறக்கி இறுக்கினேன். கோட்டை மட்டும் தேய்க்கல.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணாச்சி புது வால்டியூப் போட்டு, சக்கரக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். இந்த மொத்த வேலைக்கும் சைக்கிள் கடைக்காரங்க சொல்ற பேர் ஓவராயில். ஓவர்ஹால்ங்கற வார்த்தை நம்ம வாய்ல அப்படி ஆயிடுச்சு. ஆயில் நிறைய ஊத்தறதால வந்த பேருன்னு சின்ன வயசுல நினைச்சிருந்தேன். ஒரு வாரம் ஊத்தின எண்ணெயைக் கணக்குப் பார்த்தா நான் நினைச்சதும் தப்பில்ல :-)

வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். வாசல்ல அப்பா. இரும்புக்காரர் வேற வண்டியோட நின்னுட்டு இருந்தார். கட்டில், வாளி எல்லாம் ஏத்தியாச்சு.

அப்பா ஒண்ணும் பேசாம சைக்கிளை வாங்கினார். பெடலைக் காலால ஒரு சுத்து சுத்தி விட்டார். அது நிக்காம ஓடுச்சு. பெல்லை ஒரு தடவை அடிச்சார். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒரு காலைப் பெடல்ல வச்சுத் தத்தித் தத்தி ஏறப் பார்த்தார். சீட்டுல உட்கார்ந்தா கால் நுனிதான் பெடலைத் தொடுது. தாத்தா எங்க அப்பாவை விட நல்ல உயரம்.

"கொஞ்சம் இறக்குலே"ன்னார்.

ஸ்பானரை எடுத்தேன். கிளாம்பைத் தளர்த்தினேன். கிரீஸ் போட்ட பைப் ஒரு தள்ளுலயே இறங்குச்சு. அந்தக் கோடு உள்ள போய் மறைஞ்சுடுச்சு. பரவாயில்ல, இறங்கணும்னுதானே கழட்டினோம்.

அப்பா தெரு முக்கு வரைக்கும் போனார். திரும்பி வரும்னு பார்த்தா வரல, பஜார்ப் பக்கம் திரும்பிட்டார். இரும்புக்காரர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, மத்த சாமானோட கிளம்பிப் போனார்.

பி.கு: பழைய சைக்கிள் வீட்டுல கிடந்து, இதைப் படிச்சுட்டு யாராவது சுத்தியலைத் தூக்கினா மூணே விஷயம். காட்டர் பின் நட்டை முழுசாக் கழட்டாதீங்க, வால் நுனியோட சமமா விட்டு வைங்க, அப்பத்தான் மரை நசுங்காது. முட்டுக் கொடுக்காம அடிக்காதீங்க. எண்ணெய் ஊத்தின இடத்துல நெருப்பு காட்டணும்னா முதல்ல சுத்தமாத் துடைச்சுட்டு, வெட்டவெளியில, தெரிஞ்ச ஆளை வச்சுச் செய்யுங்க. மத்தபடி, பைய.